ஏகபோக உரிமையாளர் யார்?

(பத்தாம் வகுப்பு மாணவி)

"பேச்சுப் போட்டி என்ன, அவளுக்கு எழுதி வைத்த குத்தகையா?" "ஜன்னல் ஓரத்து இடத்தை உன் பெயருக்குப் பட்டா போட்டுக் கொடுத்திருக்கிறார்களா?" "நூலகத்துப் புத்தகம் என்ன, உன் தாத்தா வீட்டுச் சொத்தா?" இந்த மூன்றில் ஒன்றாவது காதில் விழாத நாள் நம் பள்ளியில் இல்லை. இதைச் சொல்லுகிறவர்கள் யாரும் பொருளாதாரம் படித்தவர்கள் அல்லர். ஆறாம் வகுப்புத் தங்கைகள்கூட இதை வெகு அழகாகச் சொல்லுகிறார்கள். ஆனால் பொருளாதார நூல்கள் பல பக்கங்களில் விளக்குகின்ற ஒன்றைத்தான் அவர்கள் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

பலருக்கும் உரிய ஒன்றை ஒருவரே வைத்துக்கொண்டிருந்தால் அவரை என்ன பெயரிட்டு அழைப்பது? செய்தித்தாள்கள் ஏகபோக உரிமையாளர் என்கின்றன. மேல்நிலை வகுப்புப் பொருளாதாரப் பாடநூல் முற்றுரிமையாளர் என்கிறது. ஆங்கிலத்தில் மொனோபொலிஸ்ட். மேடைகளில் இந்தச் சொல்லுக்குப் பின்னால் முதலாளி என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டு வருவதைக் கேட்டிருக்கிறோம். சொல் பெரிதாக இருக்கிறது, கோபமும் அதில் இருக்கிறது. ஆனால் இந்தக் கோபம் சரியான ஆள்மீதுதான் போய் விழுகிறதா? இல்லை என்பது எங்கள் கருத்து. இதற்குத் தகுதியில்லாத பலரை இந்தச் சொல்லால் அடிக்கிறோம். தகுதியுள்ளவரோ பெரும்பாலும் அதற்கு எட்டாத தூரத்தில் நிம்மதியாக இருக்கிறார்.

முதலில் சொல்லையே பார்ப்போம். ஏகம் என்றால் ஒன்று. போகம் என்றால் அனுபவித்தல். ஒருவரே அனுபவிப்பது ஏகபோகம். வயலில் இருபோகம், முப்போகம் என்று சொல்லும்போது அதே போகம் விளைச்சல் என்று பொருள்படும். காவிரிக்கரை ஊரிலிருந்து வரும் எங்கள் தோழி ஒருத்தி, "ஏகபோகம் என்றால் ஒருபோக நிலம்தானே?" என்று வகுப்பிலே கேட்டபோது எல்லாரும் சிரித்தோம். ஆனால் அவள் நிலத்தை நினைத்ததில் தவறே இல்லை. இந்தச் சொல் கடைத்தெருவில் பிறந்த சொல் அன்று, நிலத்தில் பிறந்தது. பழங்காலத்து மன்னர்கள் அந்தணர்களுக்குக் கொடுத்த ஊர்களைப் பிரமதேயம் என்பார்கள். ஒருவருக்கே முழு ஊரும் கொடுக்கப்பட்டால் அது ஏகபோக பிரமதேயம். பலருக்குச் சேர்த்துக் கொடுக்கப்பட்டால் கணபோகம். கும்பெனி ஆட்சி வந்த பிறகும் தஞ்சைப் பகுதியில் வருவாய்க் கணக்கு எழுதியவர்கள் கிராமங்களை மூன்று வகையாகப் பிரித்தார்கள். ஒரே மிராசுதாரருக்கு உரிய ஊர் ஏகபோகம். பல மிராசுதாரர்கள் பங்கு பிரித்துக்கொண்ட ஊர் பாலபோகம். நிலம் பொதுவில் இருந்த ஊர் சமுதாயம். இன்று பெரிய தொழிற்சாலைகளையும் எண்ணெய்க் கிணறுகளையும் பற்றிப் பேசுகிற சொல் ஒரு காலத்தில் வாய்க்காலையும் வரப்பையும் பற்றிப் பேசியிருக்கிறது.

ஆங்கிலச் சொல்லோ சந்தையிலே பிறந்தது. கிரேக்க மொழியில் மோனோஸ் என்றால் ஒற்றை. போலெயின் என்றால் விற்றல். ஒற்றையாளாக விற்பவர் என்பதே அதன் பொருள். நம்முடைய சொல் அனுபவிப்பவரைப் பார்க்கிறது, அவர்களுடைய சொல் விற்பவரைப் பார்க்கிறது. ரோமாபுரி மன்னர் திபேரியு ஒருமுறை ஆட்சி மன்றத்தில் இந்தச் சொல்லைச் சொல்ல வேண்டி வந்ததாம். இது கிரேக்கச் சொல், வேறு வழியில்லாமல் அயல்மொழிச் சொல்லைப் பயன்படுத்துகிறேன், பொறுத்தருள்க என்று முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாராம். சுவெட்டோனியுஸ் எழுதிய வரலாற்றிலே இது இருக்கிறது. ஒரு வாக்கியத்தில் நான்கு ஆங்கிலச் சொல் கலக்கும் நாம் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

இனி, மூன்றாவது சொல்லாகிய குத்தகை. எங்களுக்கு மிகவும் பிடித்த சொல் இதுதான். படித்தவர்கள் இதைப் பேச்சு வழக்கு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் ஏகபோகமும் முற்றுரிமையும் சொல்லாத ஒன்றை இது சொல்லுகிறது. குத்தகை என்றால் அதைக் கொடுத்தவர் ஒருவர் இருக்கிறார். மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர் தோப்பின் சொந்தக்காரர் அல்லர். சொந்தக்காரர் வேறு ஒருவர்; அவர் கொடுத்தார், இவர் எடுத்தார். அதற்கு ஒரு காலக்கெடு உண்டு, ஒரு தொகை உண்டு. "அவளுக்கு எழுதி வைத்த குத்தகையா?" என்று கேட்கும்போது, எழுதி வைத்தது யார் என்ற கேள்வியும் அதற்குள்ளேயே இருக்கிறது. நாம்தான் அந்தப் பாதிக் கேள்வியைக் கேட்பதில்லை.

ஒரு மலையடிவாரத்துச் சிற்றூரை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரே ஒரு மளிகைக் கடை. அதை ஒரு விதவைத் தாய் நடத்துகிறார். தீப்பெட்டி, உப்பு, மண்ணெண்ணெய், பிள்ளைகளுக்குப் பென்சில் எல்லாம் அங்கேதான். கிரேக்கச் சொல்லின்படி பார்த்தால் அவர் ஒற்றையாளாக விற்பவர், ஐயமேயில்லை. அவரை ஏகபோக உரிமையாளர் என்று சொல்லலாமா? நாளைக்கே இன்னொருவர் எதிரில் ஒரு பெட்டிக்கடை போட்டால் அதைத் தடுக்க அவரால் முடியுமா? முடியாது. யாரும் வராததால் அவர் ஒருவராக இருக்கிறார். ஒருவராக இருப்பது வேறு. மற்றவர் வராமல் பார்த்துக்கொள்வது வேறு. இந்தச் சொல் இரண்டாம் வகையாருக்கு மட்டுமே உரியது என்பது எங்கள் வாதம்.

அந்த இரண்டாம் வகை எப்படி இருக்கும் என்று அறிய வேண்டுமானால் வீட்டு அடுக்களையில் இருக்கும் கிராம்பு டப்பாவைத் திறந்து பார்த்தால் போதும். கிராம்பு ஒரு காலத்தில் உலகத்திலேயே மொலுக்கா என்ற சிறிய தீவுக் கூட்டத்தில்தான் விளைந்தது. இன்றைய இந்தோனேசியாவின் கிழக்குக் கோடியில் இருக்கும் தீவுகள் அவை. ஐரோப்பாவில் அதற்கு நல்ல விலை. முதலில் போர்த்துக்கீசியர் போனார்கள். பிறகு 1602இல் தொடங்கப்பட்ட டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி போயிற்று. கிராம்பை வாங்கி விற்பதோடு அது நிற்கவில்லை. மரம் பல தீவுகளில் இருந்தால் பலரும் விற்பார்கள், விலை இறங்கும் என்று கணக்குப் போட்டது. ஆகவே அம்போன் தீவிலும் அதைச் சுற்றியுள்ள சில தீவுகளிலும் மட்டும் மரங்களை வைத்துக்கொண்டு, மற்ற இடங்களில் உள்ள மரங்களை வெட்டி அழிக்கத் தீர்மானித்தது. 1652இல் டெர்னாட்டே தீவின் சுல்தானோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. மரங்களை அழிக்கச் சம்மதித்ததற்காக ஆண்டுதோறும் சுல்தானுக்கு ஒரு தொகை. மரம் வளர்த்த குடியானவனுக்கு என்ன என்று கேட்காதீர்கள்.

அதன் பிறகு படகுக் கூட்டங்கள் தீவு தீவாகப் போயின. ஹொங்கி என்பது அந்தப் படகுப் பயணத்தின் பெயர். யாராவது ஒளித்து வளர்த்திருக்கும் கிராம்பு மரங்களைத் தேடிப் பிடித்து வெட்டுவது அதன் வேலை. அந்தப் படகுகளில் துடுப்புப் போட்டவர்கள் யார் தெரியுமா? அதே தீவுகளின் மக்கள்தாம். கட்டாய ஊழியமாகத் துடுப்புப் போட்டார்கள். தம்மைப் போன்ற இன்னொரு தீவுக்காரனின் மரத்தை வெட்டுவதற்குத் தாமே துடுப்புப் போட்டுக்கொண்டு போனதை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை. இப்படி மரத்தை வெட்டியவரை, மலையடிவாரத்து மளிகைக் கடைத் தாயோடு ஒரே சொல்லில் அடைக்கலாமா?

அந்த ஏகபோகம் எப்படி உடைந்தது என்பதும் சுவையானது. பியேர் புவாவ்ர் என்ற பிரெஞ்சுக்காரர் மொரீசியசுத் தீவில் அதிகாரியாக இருந்தார். அவருடைய முயற்சியால் 1770இல் கிராம்பு, சாதிக்காய்க் கன்றுகள் கள்ளத்தனமாகக் கொண்டுவரப்பட்டு மொரீசியசு மண்ணில் நடப்பட்டன. கன்றுகள் பிழைத்தன. அங்கிருந்து வேறு நாடுகளுக்கும் போயின. 1800ஆம் ஆண்டளவில் நம்முடைய குற்றாலத்தில் கிழக்கிந்தியக் கும்பெனியின் வாசனைப்பயிர்த் தோட்டத்திலும் கிராம்பு நடப்பட்டது. இன்று கன்னியாகுமரி மாவட்டத்து மலைகளில் விளையும் கிராம்புக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஒரு தீவுக்கூட்டத்தைவிட்டு வெளியே போகக்கூடாது என்று காவல் வைக்கப்பட்ட மரம் இன்று நம் தெற்கு மலையில் நிற்கிறது.

புவிசார் குறியீடு என்றதும் சில தோழியர் கையை உயர்த்தக்கூடும். அதுவும் ஏகபோகம்தானே, அந்தப் பெயரை அந்த ஊரார் மட்டும்தானே வைத்துக்கொள்ளலாம் என்று. உண்மைதான். ஆனால் அந்த ஊரில் கிராம்பு வளர்க்கும் யாரும் அந்தப் பெயருக்குள் வரலாம். வேறு ஊரார் கிராம்பை வளர்க்கலாம், விற்கலாம். கன்னியாகுமரிக் கிராம்பு என்று மட்டும் பொய் சொல்லக் கூடாது. ஆகவே இதைப் பழைய கணக்கின்படி கணபோகம் என்றே சொல்லலாம்.

இனி, கொடுத்தவரின் கதைக்கு வருவோம். இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் அரசி ஆண்ட காலம். அரண்மனைக்கு வேண்டியவர்களுக்கும் ஊழியம் செய்தவர்களுக்கும் பணமாகக் கொடுக்கக் கருவூலத்தில் போதுமானது இல்லை. அதனால் அரசி வேறொன்றைக் கொடுத்தார். இந்தப் பொருளை நீ மட்டும் விற்கலாம் என்று முத்திரையிட்ட பத்திரம். உப்புக்கு ஒருவர், கஞ்சிப்பசைக்கு ஒருவர், காடிக்கு ஒருவர் என்று பட்டியல் வளர்ந்தது. 1601இல் பாராளுமன்றத்தில் அந்தப் பட்டியல் படிக்கப்பட்டபோது ஓர் உறுப்பினர் எழுந்து, ரொட்டி அதில் இல்லையா என்று கேட்டாராம். இப்போதே தடுக்காவிட்டால் அடுத்த பாராளுமன்றத்துக்குள் ரொட்டியும் அதில் சேர்ந்துவிடும் என்றாராம். அரசி நிலைமையை உணர்ந்து பல பத்திரங்களைத் திரும்பப் பெறுவதாக வாக்குக் கொடுத்தார். மறு ஆண்டில் சீட்டுக்கட்டுகளுக்கு உரிமை பெற்றிருந்த எட்வர்ட் டார்சி என்ற அரண்மனை ஊழியர், சீட்டுக்கட்டு விற்ற லண்டன் வணிகர் ஒருவர்மீது தொடுத்த வழக்கு வந்தது. அந்த உரிமையே செல்லாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1624இல் ஏகபோகங்களைத் தடுக்கச் சட்டமே வந்தது. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவருக்கு மட்டும் 14 ஆண்டு உரிமை உண்டு என்று விட்டுவைத்தார்கள். இன்று நம் நாட்டில் காப்புரிமைக் காலம் 20 ஆண்டு. காலக்கெடு முடிந்ததும் யார் வேண்டுமானாலும் செய்யலாம். நல்ல குத்தகைக்கு இருக்க வேண்டிய இலக்கணம் இதில் இருக்கிறது.

இந்தக் கதையைப் படித்தபோது எங்களுக்கு ஒன்று தோன்றியது. லண்டன் மக்கள் திட்டியது யாரை? உப்பு விற்றவரை, காடி விற்றவரை. ஏகபோகக்காரன், கொள்ளைக்காரன் என்று அவர்களைத்தான் ஏசினார்கள். பத்திரத்தில் முத்திரை இட்ட கையை ஏசுவதற்குத் துணிவு வேண்டும். பாராளுமன்றத்தில்கூட அரசியின் பெயரைத் தொடாமல் சுற்றி வளைத்துத்தான் பேசினார்கள்.

நம் நாட்டிலே அந்தக் கையை நேராகவே பார்த்துக் கேட்டவர்கள் உண்டு. உப்பு என்பது கடலும் வெயிலும் சேர்ந்து தாமாகவே கொடுப்பது. அதை அள்ளுவது குற்றம் என்று சட்டம் சொன்ன காலம் ஒன்று இருந்தது. சென்னை மாகாணத்தில் 1805இலேயே கும்பெனி உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. 1930இல் காந்தியடிகள் தண்டியை நோக்கி நடந்ததைப் பாடத்தில் படிக்கிறோம். அதே ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் இராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு ஒரு கூட்டம் நடந்தது. சத்தியாக்கிரகிகளுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று தஞ்சை மாவட்ட ஆட்சித்தலைவர் அறிவித்தார். ஊரார் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுவிட்டுப் போனார்கள். மரத்தைக் கைது செய்ய முடியாது அல்லவா! வேதாரண்யத்தில் சிறை சென்றவர்களில் ருக்மணி லட்சுமிபதி அம்மையாரும் ஒருவர். அவர் 1946இல் சென்னை மாகாணத்தின் அமைச்சரானார். உப்புவரி 1947இல் ஒழிந்தது. அந்த நாளில் உப்பளத்தில் நின்று உப்பு எடை போட்ட கூலிக்கணக்கரை யாரும் ஏகபோகி என்று அழைக்கவில்லை. யாரைக் கேட்க வேண்டுமோ அவரைக் கேட்டார்கள்.

அரசாங்கம் ஒன்றைத் தானே நடத்தினாலே அது தீமை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. 1898ஆம் ஆண்டு அஞ்சல் சட்டத்தின்படி நம் நாட்டில் கடிதம் கொண்டுபோகும் உரிமை அரசாங்கத்துக்கு மட்டுமே இருந்தது. ஆனால் பக்கத்துத் தெருவுக்கும் பனிமலை முகட்டுக்கும் அஞ்சலட்டைக்கு ஒரே விலைதான். இலாபத்தை மட்டும் நினைத்தவர் அந்த முகட்டுக்கு ஒரு தபால்காரரை அனுப்பியிருப்பாரா? 2023ஆம் ஆண்டில் வந்த புதிய அஞ்சல் சட்டத்தில் அந்தத் தனியுரிமை இல்லை. இதிலே எது நல்லது என்பதைப் பெரியவர்கள் விவாதிக்கட்டும்.

பெரியவர்கள் நம் நாட்டுச் சட்டத்திலும் இதை விவாதித்திருக்கிறார்கள். 1969இல் ஏகபோகங்களைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் செய்தார்கள். அது பெரும்பாலும் அளவைப் பார்த்தது. ஒரு நிறுவனத்தின் சொத்து இத்தனை கோடிக்கு மேல் போனால், அது விரிவடைய அரசின் அனுமதி வேண்டும் என்றது. பெரியவராக வளர்ந்துவிட்டாலே ஐயத்துக்கு உரியவர் என்பது போல. 1991இல் அந்த விதிகளை நீக்கினார்கள். பிறகு 2002இல் போட்டிச் சட்டம் வந்து பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. புதிய சட்டத்தின்படி சந்தையில் ஒருவர் மேலோங்கி நிற்பது குற்றமன்று. அந்த மேலான இடத்தை வைத்துக்கொண்டு பிறரை உள்ளே வரவிடாமல் தடுப்பதும், வாங்குகிறவரை வதைப்பதுமே குற்றம். மளிகைக் கடைத் தாயையும் கிராம்புக் கம்பெனியையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது என்ற எங்கள் வாதத்துக்குச் சட்டமும் துணை நிற்பதில் எங்களுக்குப் பெருமைதான்.

விடுமுறையில் நாம் விளையாடும் பிசினஸ் ஆட்டத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் போக மனமில்லை. ஊர்களை வாங்கி, வீடு கட்டி, வந்து நிற்பவரிடம் வாடகை கறந்து, மற்ற எல்லாரையும் ஓட்டாண்டியாக்கி ஜெயிக்கும் ஆட்டம். அதன் மூல ஆட்டத்துக்கு மொனோபொலி என்றே பெயர். அதற்கும் மூலம் லிசி மேகி என்ற அமெரிக்கப் பெண்மணி உருவாக்கி 1904இல் காப்புரிமை பெற்ற ஆட்டம். நிலமெல்லாம் ஒருவர் கையில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று மக்களுக்குக் காட்டவே அவர் அதைச் செய்தார். ஒருவர் எல்லாரையும் நசுக்கும் விதிமுறை ஒன்றும், ஒருவர் சேர்த்தால் எல்லாருக்கும் பயன் வரும் விதிமுறை ஒன்றும் வைத்தார். 1935இல் ஒரு கம்பெனி 500 டாலர் கொடுத்து அவருடைய காப்புரிமையை வாங்கிக்கொண்டது. நசுக்கும் விதிமுறைதான் உலகமெங்கும் விற்றது. உருவாக்கியவர் என்று வேறொருவர் பெயர்தான் பல ஆண்டுகள் சொல்லப்பட்டது. ஏகபோகத்தைக் கண்டிக்கச் செய்த ஆட்டமே ஏகபோகமாயிற்று!

இத்தனையும் எழுதியது எதற்காக என்றால், முதலில் எழுதிய அந்தப் பேச்சுப் போட்டிக்காகத்தான். எங்கள் வகுப்பிலே ஒரு தோழி இருக்கிறாள். பெயர் வேண்டாம். ஆறாம் வகுப்பிலிருந்து வெளிப்பள்ளிப் பேச்சுப் போட்டிகளுக்கு அவள்தான் போகிறாள். போனால் பரிசோடுதான் வருவாள். காலை வழிபாட்டில் அவள் பெயரை வாசிக்கும்போது நாங்கள் கைதட்டுகிறோம். தட்டிவிட்டு வரிசை கலையும்போது, "குத்தகைக்காரி" என்று காதில் விழும்படி சொல்லுகிறவர்களும் இருக்கிறார்கள். இந்த ஆண்டு ஒரு போட்டிக்கு அவள் காய்ச்சலோடு போனாள். வேறு ஆளைத் தயார் செய்யவில்லை என்பதால் போனாள். அன்று பரிசு வரவில்லை. மறுநாள் சாப்பாட்டு வேளையில் அவளுக்கு அருகில் யாரும் உட்காரவில்லை. அவள் யாருடைய கிராம்பு மரத்தை வெட்டினாள்?

இன்னொருத்தியும் இருக்கிறாள். விடுதியில் தங்கிப் படிப்பவள், கடற்கரை ஊர்ப் பெண். இரவில் விளக்கு அணைந்த பிறகு அவள் கதை சொல்லத் தொடங்கினால் நாற்பது பேரும் மூச்சுவிடாமல் கேட்கிறோம். புயலில் சிக்கிய கட்டுமரத்தை அவள் சொல்லும்போது, போர்வைக்குள் கால் நனைவது போல இருக்கும். (விடுதிப் பொறுப்பாளர் அருட்சகோதரி இதைப் படித்தால் மன்னிக்க வேண்டும்.) அவள் ஒலிபெருக்கி முன்னால் ஒருநாளும் நின்றதில்லை. போட்டி நடக்கிறது என்பதே முடிவு வந்த பிறகுதான் அவளுக்குத் தெரியும்.

ஆசிரியைகளைக் குறை கூறுவது எங்கள் நோக்கமன்று. சுற்றறிக்கை பெரும்பாலும் போட்டிக்கு மூன்று நாளைக்கு முன்னால்தான் வருகிறது. பாடம் முடிக்க வேண்டும், விடைத்தாள் திருத்த வேண்டும். அந்த அவசரத்தில், ஏற்கெனவே பேசத் தெரிந்தவளை அனுப்புவதுதான் யாருக்கும் தோன்றும். பள்ளியின் பெயரும் காக்கப்பட வேண்டுமல்லவா? எல்லாம் சரிதான். ஆனால் போகிறவளே மீண்டும் போவதால் அவளுக்குப் பயிற்சி கூடுகிறது. பயிற்சி கூடுவதால் அவளையே மீண்டும் அனுப்ப வேண்டியிருக்கிறது. போகாதவள் பத்தாம் வகுப்பு முடியும்வரை போகாதவளாகவே இருக்கிறாள். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யாமலே கதவு ஒன்று சாத்திக்கொள்கிறது. பெற்றோர் சிலரும், "பரிசு கிடைக்காது என்றால் எதற்குப் போகிறாய், படி" என்று சொல்லி அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளும் போடுகிறார்கள். பரிசு வாங்கிய பிள்ளைகள் அனைவரும் ஒருநாள் பரிசு வாங்காமல் தொடங்கியவர்கள்தானே?

அதனால் எங்கள் வேண்டுகோள் இதுதான். சுற்றறிக்கை வந்த அன்றே அது மாணவியர் கண்ணில் படும்படி, மணி தொங்கும் தூணுக்குப் பக்கத்திலுள்ள அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். விடுதியிலும் ஒரு படி ஒட்டப்பட வேண்டும். அவகாசம் இல்லாத போட்டிகளுக்காக, ஜூலை மாதத்திலேயே ஆறாம் வகுப்பு முதல் எல்லாருக்கும் ஒரு பொதுத் தேர்வு வைத்துப் பத்துப் பேரின் பட்டியல் தயாராக இருக்க வேண்டும். அந்தத் தேர்வில் தமிழ்வழிப் பிரிவு, ஆங்கிலவழிப் பிரிவு என்ற வேறுபாடு வேண்டாம். தொடர்ந்து இரண்டு முறை போனவள் மூன்றாம் முறை போகக்கூடாது. அதற்குப் பதிலாக அடுத்தவளுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். இதனால் ஓரிரு கேடயங்கள் ஓராண்டு வேறு பள்ளிக்குப் போகலாம். அலுவலக அறையில் உள்ள கண்ணாடி அலமாரியில் ஏற்கெனவே இடம் போதவில்லை என்று கேள்வி.

ஜூலையில் நாங்கள் இந்த வகுப்பில் இருக்கமாட்டோம். சிலர் மேல்நிலை வகுப்புக்கு இங்கேயே வருவோம்; கடற்கரை ஊர்த் தோழி வருவாளா என்பது அவளுடைய தந்தையார் கையில் இருக்கிறது. பரிசு வாங்கும் தோழியிடம் இந்தக் கட்டுரையைக் கொடுத்துப் படிக்கச் சொன்னோம். குத்தகைக்காரி என்ற சொல்லைப் பென்சிலால் சுற்றி வட்டம் போட்டாள், அடிக்கவில்லை. இரண்டு முறைக்கு மேல் போகக்கூடாது என்ற விதிக்குச் சம்மதமா என்று கேட்டோம். மூன்றாம் முறை யாருக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று தனக்குத் தெரியும் என்றாள். அன்று மாலை அவளும் கடற்கரை ஊர்த் தோழியும் விடுதித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, கட்டுமரக் கதையை ஐந்து நிமிடத்துக்குச் சுருக்கிக்கொண்டிருந்தார்கள்.